வேலிக்கு வெளியே நின்றவர்

பனையோலை வேலி அடைக்க இரண்டு பேர் வேண்டும். உள்ளே நிற்பவர் குத்தூசியில் கயிற்றைக் கோத்து ஓலைக்குள்ளால் குத்திவிட, வெளியே நிற்பவர் அதை வாங்கி, இறுக்கி, திரும்ப உள்ளே குத்திவிட வேண்டும். யோகம்மா அதைத் தனியே செய்துகொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு குத்து. பிறகு வளவுப் படலையைத் திறந்து வெளியே ஒழுங்கைப் பாதைக்குப் போய், கயிற்றை இழுத்து, ஊசியைத் திருப்பிக் குத்திவிட்டு மறுபடி உள்ளே வருவாள். காலையில் தொடங்கிய வேலை, வெய்யில் ஏறிய பிறகும் நட்டிருந்த ஒரு வேலிக் கதிகாலிலிருந்து அடுத்ததற்குப் போய்ச் சேரவில்லை. இடது மணிக்கட்டில் பழைய சீலைத் துண்டொன்றைச் சுற்றியிருந்தாள். அந்தக் கை இறுக்கிப் பிடிக்க மறுத்தது.

பக்கத்து வளவுச் செல்லாச்சி பங்குக் கிணற்றில் தண்ணீர் அள்ள வந்தவள், குடத்தைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எடியே யோகம், இப்பிடிச் சுத்திச் சுத்தி வாறதுக்குக் கோயிலைச் சுத்தினாலும் புண்ணியம் கிடைச்சிருக்கும்."

"நீ வந்து வெளியில நில்லன்."

"நிண்டால் எங்கட வீட்டு ஆம்பிளையையெல்லோ ஊர்ச் சங்கம் கூப்பிட்டுக் கேக்கும், உன்ர பெண்சாதிக்கு அங்கை என்ன பழக்கமெண்டு."

செல்லாச்சி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். யோகம்மா படலைக்குப் போனாள்.

அது எழுபத்திரண்டாம் ஆண்டு பங்குனி மாதம். யோகம்மாவுக்கு நாற்பது வயது கடந்திருந்தது. புளியங்கூடலில் பிறந்து, அந்த ஊரிலேயே சீதனமாகக் கிடைத்த வளவில் குடியிருந்தாள். புருசன் தெற்கே காலி நகரப் பக்கம் கடை வைத்திருந்தவன். ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் கடை எரிந்தது என்று தந்தி வந்தது. ஆள் தப்பிவிட்டான் என்று பிறகு செய்தி வந்தது. வேறொரு ஊரில் வேறொரு பெண்ணோடும் பிள்ளைகளோடும் அவனைக் கண்டதாக, அங்கே கடை வைத்திருந்த இன்னொருவர் வந்து சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். பிள்ளை குட்டி இல்லை. ஓலைப் பெட்டி இழைத்தாள், மா இடித்துக் கொடுத்தாள், பனங்கிழங்கைப் பிளந்து ஒடியல் காயவைத்தாள். மற்றது எப்படித் தொடங்கியது என்று ஊரில் பல கதைகள் உண்டு. அவளைக் கேட்டால், "அரிசி முடிஞ்ச அண்டைக்கு" என்பாள். அதற்கு மேல் சொல்லமாட்டாள்.

அந்த நாட்களில் அவளிடம் வந்த ஆண்கள் படலையைத் திறந்துகொண்டுதான் வந்தார்கள். ஊர் சாப்பிட்டுக் கண்ணயரும் மத்தியானத்தில் வருவார்கள். கதிரையில் இருந்து தண்ணீர் கேட்டுக் குடிப்பார்கள். பெண்சாதியின் மூட்டுவாதத்தையும், மழை பொய்த்ததையும் சொல்வார்கள். கள்ளு மணத்தோடு வந்தவனை, "இண்டைக்கு ஏலாது, வெறி முறிஞ்சாப் பிறகு வாரும்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவாள். போக மறுப்பவனைத் தம்பு பார்த்துக்கொள்வார். தம்பு அனலைதீவுக்கு வள்ளம் ஓட்டுகிறவர், பெண்சாதியை இழந்து ஒரு மகளோடு இருப்பவர். "வா மச்சான், கடல்ல கால் கழுவிப்போட்டுப் போவம்" என்று வெறிகாரனின் தோளில் கை போட்டு ஒழுங்கை முடியும் வரை கூட்டிக்கொண்டு போய்விடுவார். அவளை அவர் 'நீர்' என்பார். அவளோ அவரை எந்த உறவுமுறை சொல்லியும் அழைத்ததில்லை.

பிறகுதான் சிவகுருவர் வந்தார். கொழும்பில் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்து ஊருக்கு வந்து, சங்கத்துக்குக் காரியதரிசியானவர். நல்ல மனிதர். முந்திய தலைமுறையில் இப்படியான ஒருத்தியை மொட்டையடித்து ஊரைவிட்டுத் துரத்தியதை அவர் சிறுவயதில் பார்த்திருக்கிறார். அதை மறக்கவில்லை. வாசிகசாலையில் கூட்டம் போட்டபோது எழுந்து நின்று சொன்னார்:

"பொம்பிளையில கை வைக்கப்படாது. வாங்கிறவன் இல்லாட்டி விக்க வேண்டி வராது. வாங்கிறவனைப் பிடியுங்கோ."

அப்படியே ஊர்க்கட்டு வைத்தார்கள். அவள் வளவுக்குப் போகிறவன் வீட்டுக்குச் சலவைக்காரரும் நாவிதரும் போகமாட்டார்கள். கோயில் திருவிழாவில் அந்த வீட்டுக்குப் பங்கில்லை. யோகம்மாவுக்குத் தண்டனை எதுவும் இல்லை. சிவகுருவர் தாமே வந்து படலைக்கு வெளியே நின்று அதை அறிவித்தார்.

"உமக்காகத்தான் பிள்ளை இது. தையல் மெசினொண்டு எடுத்துத் தாறதுக்கும் யோசிக்கிறம்."

"ஓம் ஐயா" என்றாள்.

மெசினை இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் அமைதியாக இருந்தது. மத்தியானங்களில் தூங்கினாள். பிறகு மீன்காரர் படலையில் சைக்கிளை நிறுத்தாமல் மணியை மட்டும் அடித்துக்கொண்டு போனார். விறகு பிளப்பவர் வரவில்லை. கிணறு இறைக்கக் கேட்டபோது, "எனக்கும் தலைமயிர் வெட்டவேணுமெல்லோ அக்கா" என்றான் ஒருவன், சிரித்துக்கொண்டு. வாங்க வருகிறவன் யார், விற்க வருகிறவன் யார் என்று ஒழுங்கையில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஆகவே ஆம்பிளை என்று ஒருவரும் வரவில்லை. மழையில் சரிந்த ஒழுங்கையோரப் பின்வேலியும் அப்படியே கிடந்தது.

அந்த இடைவெளியால்தான் மற்றவர்கள் வந்தார்கள். மனச்சாட்சியோ மரியாதையோ உள்ளவர்கள் நின்றுவிட்டார்கள். கட்டுக்கு அடங்காதவர்கள் நிற்கவில்லை. துறைமுகத்தில் இரண்டு நாள் நிற்கும் அயலூரார், இழக்க ஒன்றும் இல்லாதவர்கள், அவர்களோடு பயந்து பயந்து வரும் உள்ளூரார் இரண்டொருவர். கதிரையில் இருக்கமாட்டார்கள். விளக்கை அணைக்கச் சொல்வார்கள். பேர் சொல்லமாட்டார்கள், பேசவும் மாட்டார்கள், ஏனென்றால் குரலும் அடையாளம்தான். கள்ளு மணத்தோடு வந்தவனையும் அவளால் திருப்ப முடியவில்லை. அவன் போனால் அடுத்தவன் வருவான் என்பது இல்லை. அரிசிப் பானை அதை அறியும். மணிக்கட்டை முறுக்கியவன் மேல் எஞ்சின் எண்ணெய் மணந்தது. அவள் குரல் எடுக்கவில்லை. எடுத்தாலும் வருவதற்குத் தம்பு இல்லை.

செல்லாச்சி தண்ணீர் அள்ளிக்கொண்டு போன அன்று மத்தியானம், உள்ளேயிருந்து குத்திய ஊசியை யாரோ வெளியே பிடித்து இழுத்தார்கள். கயிறு இறுகியது. ஊசி சரியான இடத்தால் திரும்பி உள்ளே வந்தது.

"உள்ளுக்கு வரேல்லை நான்" என்றது தம்புவின் குரல். "ஒழுங்கை ஊரின்ர. ஒழுங்கையில நிக்கிறதுக்குத் தடையில்லைத்தானே."

"போங்கோ."

"போறன். உந்தக் கயிறை இறுக்கிப் பிடியும்."

அவள் பிடித்தாள். வேலி நகரத் தொடங்கியது.

"மகளுக்குக் கலியாணம் முற்றாயிட்டுதோ?"

"வைகாசியில. சரவணையில மாப்பிளை. நடக்கத் தெரியாத மாப்பிளை போல, வீட்டு வாசல்வரை வெள்ளை விரிச்சால்தான் காலடி வைப்பினமாம்." அவர் சிரித்தார். அந்த ஊரில் எல்லாக் கலியாணத்துக்கும் சலவைக்காரர் வந்து வெள்ளைச் சீலை விரித்தால்தான் சம்பந்திகள் நடந்து வருவார்கள். விரிக்காத வீட்டுக்கு வராமலே திரும்பிவிடுவார்கள்.

இன்னும் மூடாத ஓலைக்குள்ளால், சீலைத் துண்டு நழுவிய அவள் கையை அவர் கண்டார்.

"கையில என்ன?"

"உரல்ல பட்டது."

"உரல் விரல் அடையாளமும் வைக்குமோ?"

அவள் ஊசியைக் குத்திவிட்டாள். அவர் அதை வாங்கி இறுக்கினார். பொழுது சாயமுன் அந்தப் பக்கம் முழுவதும் அடைத்து முடிந்தது.

ஒழுங்கையால் சைக்கிளில் போனவர்கள் பார்த்துவிட்டார்கள். வாசிகசாலையில் தம்புவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். வேலி கட்டினேன் என்றார். முந்திப் போனதுண்டோ என்று கேட்டார்கள். ஓம், முந்திப் போனனான் என்றார். மற்றவர்கள் யாரும் அப்படிச் சொல்லாததால் எல்லாருக்கும் அது சிரிப்பாகிவிட்டது. "ஓம் ஓம், அண்ணை ஓலை கட்டத்தான் போனவராம்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள்.

இரண்டு நாள் கழித்துச் சிவகுருவர் யோகம்மா வீட்டுக்குள் வந்தார். வரும்போது செல்லாச்சியையும் கூட்டிவந்து வாசற்படியில் இருத்தினார். கதவின் இரண்டு பலகையையும் விரியத் திறந்துவைத்துவிட்டுத்தான் கதிரையில் இருந்தார்.

"தம்பு இஞ்சை வந்தவரோ?"

"ஒழுங்கையில நிண்டவர். வேலி கட்டினவர்."

"கட்டு வைச்சாப் பிறகு வேற நாள்?"

"இல்லை ஐயா."

"நாளைக்குச் சங்கம் கூடுது. வெள்ளை விரிக்க விடேலாதெண்டு நிக்கிறாங்கள். நீர் சொல்லுறதை அவங்கள் நம்பவேணும்." அவர் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்தார். "நீர் எல்லாரையும் மறைக்கிறீர் எண்டுதான் கதை. உண்மையில வந்தவன் ஒருத்தன்ர பேரைச் சொன்னால், தம்புவின்ர கதையையும் உண்மையெண்டு எடுப்பாங்கள்."

"பேர் சொல்லுறேல்லை அவை. இருட்டுக்கை வருவினம், போவினம்."

"இந்த ஊர்க்காரன் ஒருத்தனையுமோ தெரியாது?"

யோகம்மாவுக்கு இரண்டு பேரைத் தெரியும். இருட்டிலும் ஒருவரின் இருமலைத் தெரியும், மற்றவரின் செருப்பைத் தெரியும். ஒருவருக்கு மூன்று பெண்பிள்ளைகள். மற்றவரின் மகள் போன மாதம்தான் பெரியபிள்ளையானவள். அவள் கையைப் பார்த்தாள். வீக்கம் வற்றி மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"பிள்ளை, ஒரு பேர் காணும்" என்றார் சிவகுருவர், குரலைத் தாழ்த்தி. "ஆரெண்டாலும் சரி. நான் தோண்டித் துருவிக் கேக்கமாட்டன்."

வாசற்படியில் செல்லாச்சி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள்.

"ஐயா" என்றாள் யோகம்மா. "தம்பு வேலிக்குத்தான் வந்தவர் எண்டு நீங்கள் நம்புறியளோ?"

"நம்புறன். எனக்கு அந்தாளைத் தெரியும்."

"கட்டு வைச்சதும் நீங்கள்."

"ஓம்."

"அப்ப நீங்களே போய்ச் சொல்லுங்கோவன், வெள்ளை விரிக்கச் சொல்லி."

சிவகுருவர் கதிரையை விட்டு எழும்பினார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, செல்லாச்சி ஒதுங்கி வழிவிட, அறையை விட்டு வெளியே போனார்.