மேடத்துக்குக் குளிர் ஆகாது

"டிரைவர் வெளியே இருக்கட்டும்" என்றாள் நர்ஸ்.

"அவர் டிரைவர் இல்ல, என் புருஷன். யாராவது வெளியே நிக்கணும்னா நீ நில்லு" என்றாள் ரொவேனா.

அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் எங்களுக்குக் கிடைத்த முதல் மரியாதை இது. நான் எந்நேரமும் கம்பெனிச் சட்டையில் இருப்பவன். பெண்டாட்டியைக் கூப்பிடுவதும் மேடம் என்று. நர்ஸைக் குறை சொல்லக் கூடாதுதான். ஆனாலும் சொல்கிறேன். அடுத்த தடவை போனபோதும் அதையேதான் சொன்னாள்.

டாக்டர் எகிப்துக்காரர். கொலோனோஸ்கோபி (கேமரா வைத்த குழாயைப் பின்வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) எடுத்த படத்தை எங்கள் பக்கம் திருப்பினார். குடலில் கட்டி. ஸ்கேனில் ஈரலிலும் புள்ளிகள். மெட்டாஸ்டாசிஸ் (ஓர் உறுப்பில் தொடங்கிய புற்று வேறு உறுப்புக்குப் போய்விடுவது) என்றார்.

"ரத்தம் எப்பலேர்ந்து போகுது?"

"போன கோடையிலேர்ந்து. மூலம்னு நினைச்சேன்."

"நீங்க ப்ரொபசர் ஆச்சே."

"கெமிஸ்ட்ரி ப்ரொபசர். என் பின்பக்கம் என் பாடத்துல வராது."

டாக்டர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

போய்க் காட்டச் சொல்லி நான் சண்டை போட்டிருந்தேன். பரீட்சை முடியட்டும் என்றாள். பிறகு பேப்பர் திருத்தி முடியட்டும் என்றாள். பயம்தான். படித்தவர்கள் பயப்பட்டால் அதற்கு நல்ல காரணமாகச் சொல்வார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

நான் செல்வராசு. அரியலூர்ப் பக்கம். படிப்பு எட்டாவதோடு சரி. அஜ்மானில் ஏசி மெக்கானிக். அவள் பிலிப்பைன்ஸில் இலோய்லோ என்ற ஊர். ஷார்ஜாவில் ஒரு யுனிவர்சிட்டியில் பாடம் எடுத்தாள். அவள் ஃபிளாட்டில் கூலிங் இல்லை என்று கம்ப்ளெயின்ட் வந்து போனேன். ஏணியை விரிப்பதற்குள் கையில் தெர்மாமீட்டரோடு வந்து நின்றாள். கேஸ் போதவில்லை என்றாள். ஃபில்டர் அழுக்கு என்றேன். பார்த்தால் இரண்டும் இருந்தது. சண்டையில்தான் பழகினோம். அபுதாபி கோர்ட்டில் பதிந்து கட்டிக்கொண்டோம். அன்றிலிருந்து என் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அவள் அக்காவுக்கு நான் இன்றுவரை 'அந்த ஏசிக்காரன்'. நாங்கள் பேசிக்கொண்டது உடைந்த இங்கிலீஷில். இங்கே தமிழில் போடுகிறேன்.

கீமோ (புற்றைக் கொல்ல ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் மருந்து) தொடங்கினார்கள். அதில் ஆக்சாலிபிளாட்டின் என்று ஒரு மருந்து. நர்ஸ் ஊசியைப் பொருத்திக்கொண்டே, "குளிர்ச்சியா எதையும் தொடாதீங்க, குடிக்காதீங்க" என்றாள். சளி பிடித்த பிள்ளையிடம் ஐஸ்கிரீம் வேண்டாம் என்பதுபோலச் சொன்னாள். நாங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்தாள். மறந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். கத்திக்கொண்டு கீழே போட்டாள்.

"கரண்ட்! கரண்ட் அடிக்குது!"

நான் ஓடிப்போய் டெஸ்டரை எடுத்து வந்து ஃபிரிட்ஜ் பாடியில் வைத்துப் பார்த்தேன். எர்த் சரியாக இருந்தது. பின்னால் போய் பிளக்கைப் பார்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்துகொண்டு, விரலை அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"முட்டாள். கரண்ட் ஃபிரிட்ஜ்ல இல்ல. என் கையில."

நியூரோபதி (மருந்தால் நரம்பு கெட்டுப்போவது) என்று பிறகு டாக்டர் சொன்னார். குளிர்ந்தது எது பட்டாலும் நரம்பு அதை ஊசி என்று சொல்லும், கரண்ட் என்று சொல்லும். குளிர்காற்றை இழுத்தால் தொண்டை அடைப்பதுபோல இருக்கும். மூச்சு நிற்காது. நிற்கப்போகிறது என்று தோன்றும். அதுவும் சாவு மாதிரிதான் என்பாள்.

இந்த நாட்டில் குளிர் இல்லாத இடம் எது? கார், லிஃப்ட், கடை, பேங்க். பஸ் ஸ்டாப்பில்கூட ஏசி. வெளியே சூளை, உள்ளே ஐஸ் பெட்டி. அந்தக் குளிரை வீடு வீடாகச் சரிசெய்து கொடுத்துச் சாப்பிடுகிறவன் நான். அன்றிலிருந்து எனக்கு வேறு டூட்டி. அவள் மேல் குளிர் படக் கூடாது. அவ்வளவுதான்.

ஃபிரிட்ஜ் கைப்பிடியில் துணி சுற்றினேன். எவர்சில்வர் கரண்டிகளை எடுத்துவிட்டு மரக்கரண்டி வாங்கி வைத்தேன். தரை டைல்ஸ் எல்லாம் பாய். வெந்நீர் ஃபிளாஸ்க் கட்டில் பக்கத்திலேயே இருக்கும். காரில் ஏசி போடுவதில்லை. வீட்டிலும் இல்லை. அது ஆகஸ்ட்.

என்னோடு வேலை பார்க்கும் கபீர் ஒருநாள் வேலைச் சாமான் வாங்க வந்தான். ராமநாதபுரத்துக்காரன். கதவைத் திறந்ததுமே, "என்ன மச்சான், ஊருக்கெல்லாம் குளுகுளுன்னு பண்ணிக் குடுத்துட்டு இங்கன இட்லி அவிக்கிறியா?" என்றான். உள்ளே அவள் கையுறையும் கம்பளிக் குல்லாவும் போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தான். சுடச்சுட டீ வாங்கி வேர்த்து வழிய முழுசாகக் குடித்துவிட்டுப் போனான். அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் ஒழுங்காக நடந்துகொண்டவன் அவன் ஒருத்தன்.

மற்றவர்கள் வந்து பாசிட்டிவாக இருங்கள் என்றார்கள். கீமோ ஏறும் வீட்டுக்காரர்களுக்குச் சொல்கிறேன். அப்படிச் சொல்கிறவர்களை வாசலோடு அனுப்புங்கள். குளிர்ந்த கையோடு வந்து குலுக்குவார்கள். உங்களுக்கு வேண்டியது கையுறை. வெந்நீர். முதல் நாளே எல்லாவற்றையும் கேட்டுவிடுங்கள். நர்ஸ் முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

வேர்வையில் அன்பு வராது. சண்டைதான் வரும். நான் பகலெல்லாம் மொட்டை மாடிகளில் வெந்துவிட்டு வருவேன். வீடும் வெந்துகொண்டிருக்கும்.

"போ, உங்க கம்பெனி லேபர் கேம்ப்ல போய்ப் படு, டெக்னீஷியன். அங்க ஏசி இருக்கு."

"உங்க வாய்ல மட்டும் நரம்பு கெடல, மேடம்."

சில நாள் சிரிப்பாள். சில நாள் கையில் கிடைத்ததை எறிவாள். மரக்கரண்டி வாங்கி வைத்தது நல்லதாகப் போயிற்று.

அந்த டெர்ம் முடியும்வரை பாடம் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடைசி வருஷப் பிள்ளைகள், நடுவில் விட மாட்டேன் என்றாள். வகுப்பில் சென்ட்ரல் ஏசி. அவள் நின்று பேசும் மேசைக்கு நேர் மேலே கிரில். காற்று தலையில்தான் விழும். மெயின்டனன்ஸ் ஆபீஸில் போய்க் கேட்டேன். ஒரு ரூமுக்காக மாற்ற முடியாது, மஃபி (அரபியில் 'இல்லை') என்று கையை விரித்தான் அங்கிருந்தவன்.

"அந்த ஒரு கிரிலை மட்டும் மூடுங்க பாய்" என்றேன். இங்கே எல்லாருக்கும் எல்லாரும் பாய்தான்.

"நீ யாரு?"

"டிரைவர்" என்றேன். விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை.

வகுப்பு இல்லாதபோது மேசைமேல் ஏறி, கிரிலைக் கழற்றி, அட்டை வைத்து, சில்வர் டேப் ஒட்டினேன். ஒரு வாயை மூடினால் காற்று அடுத்த வாய்க்குப் போகும். எனக்குத் தெரியும். போகட்டும் என்றுதான் மூடினேன். பின்வரிசைப் பிள்ளைகள் குளிரில் நடுங்கிக் கம்ப்ளெயின்ட் கொடுத்தார்கள். டீன் அவளைக் கூப்பிட்டார். "உங்க உடம்புக்காகத்தான்" என்று சொல்லி வகுப்பை வேறு ஆளுக்குக் கொடுத்தார். அட்டையைப் பிய்த்துவிட்டார்கள்.

பின்னாலேயே டீன் ஆபீஸிலிருந்து பூங்கொத்து வந்தது. 'எங்கள் போராளிக்கு' என்று எழுதியிருந்தது. பூக்கடைக் குளிர்ப்பெட்டியிலிருந்து நேராக எடுத்து வந்திருக்கிறார்கள். வெறுங்கையில் வாங்கியவள் அப்படியே வீசினாள். கொண்டுவந்த பெண் மிரண்டு போனாள். மேடம் கோபத்தில் வீசினாள் என்று நினைத்திருப்பாள். அதுவும் தப்பில்லை.

போர், போராளி என்ற பேச்சே அவளுக்கு ஆகாது. "சண்டைன்னா எதிரி வேணும். இது என்னோட செல். என்னை மாதிரியே சொன்ன பேச்சு கேக்காது" என்பாள்.

மருந்து ஏற ஏற அவள் பாதம் மரத்தது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடந்தாள். ஆனால் ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. கீமோவை நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். இனி பாலியேட்டிவ் (நோயை விட்டுவிட்டு வலியை மட்டும் பார்க்கும் வைத்தியம்).

"நிறுத்தினா குளிர் விடுமா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் கொஞ்சமா விடும்."

"சரி. ஏதோ ஒண்ணாவது விடுதே."

சில வாரம் போயிற்று. ஒரு மத்தியானம் படுத்திருந்தவள், "ஏசி போடு" என்றாள்.

ரிமோட்டை எடுத்தேன். பட்டனை அமுக்க விரல் வரவில்லை.

"போடு டெக்னீஷியன். வேர்த்தே சாகணுமா நான்?"

போட்டேன். காற்று அவள் முகத்தில் பட்டு நெற்றிமுடி அசைந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "ஆஹா" என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்துவாளா என்று பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தினால் உள்ளே மருந்து இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் குளிரில் வைத்துத்தான் அதைப் பேசினாள். அவள் ஊர்க்காரர்கள் இங்கிருந்து பெரிய அட்டைப்பெட்டியில் சோப்பு, சாக்லேட், டின் கறி, துணி எல்லாம் திணித்துக் கப்பலில் வீட்டுக்கு அனுப்புவார்கள். அவளும் அனுப்புவாள். நான்தான் டேப் ஒட்டுவேன்.

"இத்தனை வருஷம் பெட்டி அனுப்பினேன். கடைசிப் பெட்டியையும் நீயே அனுப்பிடு. அம்மா முகம் பாக்கணும்பாங்க."

"இங்கயே அடக்கம் பண்ணிடலாம் மேடம். சீக்கிரம் முடியும். அனுப்பணும்னா பேப்பர் ஆகணும். அதுவரைக்கும்..."

"அதுவரைக்கும் மார்ச்சுவரி ஃப்ரீசர்ல வைப்பாங்க. சொல்லேன், என்ன?"

நான் போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

"செத்த நரம்புக்குக் குளிர் தெரியாது. இது சயின்ஸ். நீ அங்க போய் நின்னு அழாதே."

"அழல."

"டெஸ்டரையும் எடுத்துட்டுப் போகாதே."

ஆஸ்பத்திரியில்தான் போனாள். காலையில் நர்ஸுகள் டூட்டி மாறும் நேரம். இரண்டு போர்வை போர்த்தியிருந்தேன். கை என் கையில் இருந்தது. சூடு குறைந்துகொண்டே வந்தது. என் தொழிலில் அது நல்ல வேலை. அங்கே அதை நிறுத்த வழி தெரியாமல் நின்றேன்.

பிறகு பேப்பர். போலீஸ், எம்பசி, கார்கோ. ஒவ்வொரு கவுன்டரிலும் "நீ கம்பெனி ஆளா?" என்று கேட்டார்கள். அவள் அக்கா தினமும் போன் செய்து, ஏன் இன்னும் அனுப்பவில்லை, என்ன கணக்கு வைத்திருக்கிறாய் என்று திட்டினாள். அந்த ஃப்ரீசரிலிருந்து அவளை வெளியே எடுக்க என்னைவிட அவசரம் யாருக்கு என்று கேட்கத் தோன்றியது. என் இங்கிலீஷில் அது வராது.

அனுப்புவதற்கு முன்பு அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். அங்கே இருந்தவன் பெரிய கதவைத் திறந்து டிரேயை இழுத்தான். துணியை விலக்கினான். அவள்தான். வாய் மட்டும் மூடியிருந்தது. அப்படி நான் பார்த்ததில்லை.

நிற்கும்போது என் முழங்காலில் குளிர் பட்டது. குனிந்து பார்த்தேன். கதவோரத்து ரப்பர் கீழ்மூலையில் கிழிந்திருந்தது. அந்த வழியாகக் குளிர் கசியும். வெளிச்சூடு உள்ளே போகும். கண்ணில் பட்ட குறையைச் சொல்லிவிடுவது என் வழக்கம். எனக்குச் சம்பந்தமில்லாத இடத்திலும் சொல்லுவேன்.

"எல்லாம் சரியா?" என்று கேட்டான் அவன். முகத்தைப் பற்றித்தான் கேட்டான்.

"சரி" என்றேன். ரப்பரைப் பற்றி வாய் திறக்கவில்லை. டிரேயை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினான். அந்த மூலையில் கை வைத்துப் பார்த்தேன். கசிந்துகொண்டுதான் இருந்தது.

பெட்டி போய்ச் சேர்ந்தது. நான் டூட்டிக்குப் போகிறேன். சர்வீஸ் முடித்ததும் கிரிலுக்கு முன்னால் கையை நீட்டிப் பார்ப்பது எங்கள் வேலை. முன்பெல்லாம் நீட்டிய கையோடு சொல்லிவிடுவேன். இப்போது உள்ளங்கையில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது. எனக்கு எந்த மருந்தும் ஏற்றவில்லை. கையை எடுக்கத் தோன்றுவதும் இல்லை. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர் கேட்பார்.

"என்ன பாய், கூலிங் வருதா?"

வருகிறது என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆகிறது.