படகுத் தளத்தில் பதிந்த கைகள்

பிள்ளைகளா, பெரியம்மா குளத்தங்கரைக்கு வந்தால் நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்துவிடுகிறேன் என்று இரண்டு பேரும் கேலி செய்கிறீர்கள். "அப்பாவுக்கு டீச்சர் வந்தாச்சு" என்று சின்னவள் சொன்னது என் காதில் விழுந்தது. கோபம் இல்லை. எட்டாவதோடு நின்றவன் நான், கோர்வையாக எழுத வருமா தெரியவில்லை. வாயால் சொன்னால் பாதியிலேயே எழுந்து ஓடிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் ஏறி விளையாடுகிற அந்தப் படகில் நான் முதன்முதலாகக் கால் வைத்தபோது, கணுக்கால் வரை உள்ளே போய்விட்டது. செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் மலையாளத்துக்காரர் ஒருவரிடம் வாங்கி, என் லோடு ஆட்டோவிலேயே குற்றாலம் கொண்டுவந்து இறக்கிய பழைய ஃபைபர் படகு அது. பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. மேலே வழவழவென்று ஃபைபர். அதற்கு அடியில் தளத்தைத் தாங்குகிற பிளைவுட், ஆணி ஓட்டை வழியாக இறங்கிய தண்ணீரில் ஊறி, டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி ஆகியிருந்தது. என் காலை வெளியே இழுத்துவிட்டதே பெரியம்மாதான். எனக்கு அவர்கள் மதினி, அதாவது என் அண்ணன் மனைவி. தென்காசியில் தையல் கடை வைத்திருந்தார்கள். அண்ணன் அப்போது சவூதியில் இருந்தான். சீசனுக்கு வருகிறவர்களை ஏற்றிப் படகு ஓடிச் சம்பாதிக்க ஆரம்பித்தால், வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு ஊரோடு வந்துவிடுவான் என்பது பேச்சு. படகு விடக் குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த குளத்துக்காரரோ, சாரல் சீசன் தொடங்கும்போது படகு தண்ணீரில் நிற்கவில்லை என்றால் இடம் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார். ஆகவே அது வெறும் படகு இல்லை. அண்ணன் ஊர் திரும்புவதற்கான வண்டி அது.

ஆள் வைத்துச் செய்ய வசதியில்லை, நாங்களே இறங்கினோம். போனில் வீடியோ பார்த்தோம், ஃபைபர் கதவு விற்கிற கடையில் கேட்டோம். மேல்தோலை மெஷினால் அறுத்து எடுத்து, மக்கிய பலகையைச் சுரண்டி அள்ளினோம். புதுப் பலகை மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து, ரெசின் என்கிற பசையில் அதை இறுக வைக்கிற ஹார்டனர் கலந்து பிரஷால் ஊற வைக்க வேண்டும். இறுகினால் கல் மாதிரி நிற்கும். அந்தத் துணியைப் பார்த்ததும் மதினி சிரித்தார்கள். "இது எங்க ஏரியால்லா தம்பி" என்று நாளிதழில் அளவு வெட்டி, மூலைக்கு மூலை ஓரம் விட்டு, ஜாக்கெட் துணி மாதிரி வெட்டிப் போட்டார்கள். ஒரு சுருக்கம் இல்லை.

வந்தது அரிப்பு. அறுத்த ஃபைபர் தூள் கை, கழுத்து எல்லாம் ஏறி, முள்ளில் உருண்டது மாதிரி இருந்தது. நம் ஊரில் உடம்புக்கு எது வந்தாலும் ஒரே வைத்தியம்தானே. எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பது. மதினியே நல்லெண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தார்கள். "நல்லா சூடு பறக்கத் தேய்ச்சுக்கிடுங்க தம்பி, அரிப்பு ஓடிரும்." தேய்த்தோம். ஆனால் ஐந்தருவியில் அப்போது பாறைதான் தெரிந்தது, தண்ணீர் விழவில்லை. அதனால் பாதி வைத்தியத்தோடு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, புதுப் பலகையை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி உட்கார வைத்தோம். அதன்மேல் துணியும் ரெசினும் போட்டோம். இறுகியபோது கண்ணாடி மாதிரி மின்னியது. குளத்துக்காரர் வந்து பார்த்துத் தலையை ஆட்டினார். இருக்கையைத் திருகி மாட்டுவதுதான் பாக்கி.

துணி தைத்து முடித்தால் தையல்காரர்கள் தையல் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார்ப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? அந்தப் பழக்கத்தில் மதினி தளத்தின் ஓரமாக நகத்தை ஓட்டிக்கொண்டே வந்தார்கள். ஓரிடத்தில் காய்ந்த சருகு மாதிரி சத்தம் கேட்டது. நின்றார்கள். கத்தியை நுழைத்து நெம்பினார்கள். அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. கீழே பலகையில், ரெசின் பிடிக்காத இடத்தில், ஐந்து விரலோடு ஒரு கை அச்சு பதிந்திருந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. ஒன்று பெரியது, என்னுடையது. ஒன்று சின்னது, அவர்களுடையது. எண்ணெய்க் கை பட்ட இடமெல்லாம் ஒட்டவே இல்லை.

"பெயிண்ட் அடிச்சா தெரியவா போவுது? அதான் சீட்டு மறைக்குதே" என்றார் குளத்துக்காரர். "நாளைக்கே எறக்கிருவோம்."

மதினி நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "அப்போ முதல் ரவுண்டு உங்க பேரன ஏத்தி விடுங்க அண்ணாச்சி. நடுக்குளத்துல அவன் ஒரு குதி குதிக்கட்டும். நான் இங்கன நின்னு பாத்துக்கிடுதேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இடம் போனது என்றே நினைத்தேன். அவசரப்பட அந்தக் கரையில் யாருக்காவது நியாயம் இருந்தது என்றால் அது மதினிக்குத்தான். கல்யாணமான பிறகு அண்ணனோடு அவர்கள் இருந்ததெல்லாம் லீவில் வந்த மாதங்கள் மட்டும்தானே. அவர்கள்தான் முழுத் தளத்தையும் தன் கையால் உரித்துப் போட்டார்கள். உரித்துக்கொண்டே போனைத் தோளில் இடுக்கி அண்ணனிடம், "படகு இன்னும் காயல. நீங்க அவசரப்பட்டு எழுதிக் குடுத்துராதிய" என்று சொன்னார்கள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுபடி புதுப் பலகை வாங்குவதற்குள் சாரல் வந்துவிட்டது. ஊரெல்லாம் சந்தோஷம், எங்களுக்கு மட்டும் கவலை. அந்த ஈரக் காற்றில் ஒரு துண்டு போட்டுப் பார்த்தோம், பாகு மாதிரி பிசுபிசுவென்றே கிடந்தது. "சாரல் இங்கன தான தம்பி? சுந்தரபாண்டியபுரத்துல வெயில் காயுதுல்லா" என்றார்கள் மதினி. சரிதானே! படகை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிழக்கே போய், ஒரு வேப்பமரத்தடியில் இறக்கினோம். சூரியகாந்தித் தோட்டத்தில் போட்டோ எடுக்க வந்தவர்கள் எல்லாம் எங்களைச் சுற்றி நின்றார்கள்.

"என்ன அண்ணாச்சி, பூவுக்குள்ளயா படகு விடுதிய?" என்று ஒருவன் கேட்டான்.

"ஆமாலே, டிக்கெட் எடுத்தாச்சா?" என்று மதினிதான் பதில் சொன்னார்கள். தளத்தை உரித்துப் போட்ட பிறகு அவர்கள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

இந்தத் தடவை சோப்புப் போட்டுக் கை கழுவி, உறை மாட்டிக்கொண்டுதான் பலகையைத் தொட்டோம். வெயில் பார்த்து, நிழல் பார்த்து, ஒரு அடுக்கு இறுகிய பிறகே அடுத்த அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் அந்த நகம் ஓடியது. குளத்துக்காரர் அதற்குள் வேறு ஆளின் பெடல் படகை விட்டிருந்தார். ஆனாலும் பாதி சீசனில் எங்களுக்கும் ஓர் ஓரம் கொடுத்தார். பேரனைச் சொன்னது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். முதல் நாள் அவனையே கூட்டிக்கொண்டு வந்தார்.

பிள்ளைகளா, எனக்கு மரியாதை சொல்லிக் கொடுத்தவர்கள் பலர் உண்டு. தன் ஆசையைத் தன் கையாலேயே உரித்துப் போட முடியும் என்று காட்டியவர் இவர் ஒருவர்தான். யாரோ பெற்ற பிள்ளைகளின் காலுக்காக அதைச் செய்தார்கள். நான் எழுந்து நிற்பது அதற்குத்தான்.

படகு இறங்கிய அன்று சாயங்காலம் அண்ணன் எனக்குப் போன் செய்தான். "ஏலே, அவகிட்ட கேட்டா உன்கிட்ட கேக்கச் சொல்லுதா. படகு உறுதியா இருக்கா? எழுதிக் குடுத்துரலாமா?" நாளைக்குச் சொல்லுதேன் என்றேன். மறுநாள் விடிந்ததும், கரையில் ஆள் வருமுன் தனியாகப் போனேன். சாரல் தூவிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறி, முன்பக்கம், நடு, பின்பக்கம், மூலை ஒன்று விடாமல், உடம்பில் உள்ள பலமெல்லாம் சேர்த்துக் குதித்தேன். படகு ஆடியது, தண்ணீர் தெறித்தது, தளம் மட்டும் அசையவில்லை. மூச்சு வாங்க அப்படியே தளத்தில் உட்கார்ந்து, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"எழுதிக் குடுத்துரு" என்றேன்.