சொவத்தப் பாத்த படங்க

எங்க அண்ணன் போட்டோ வீட்டுல ஒண்ணுகூட இல்ல. கம்பஸ்ல குடுத்த அடையாள அட்டையில ஒண்ணு இருந்துச்சு. அந்த அட்ட சட்டப் பையில கெடந்தது யாருக்கும் ஞாபகம் இல்ல. அவன அதோடவே பொதைச்சிட்டோம். மஞ்சக்காமால. லீவுக்கு வந்தவன் திரும்பிப் போகல. "அவன் மொகத்த வைக்காம எப்படிடி கருமாதி கும்புடுறது?"ன்னு அம்மா சொல்லிச் சொல்லி அழுதாங்க.

கொழும்புல அவன் சித்திரம் படிச்ச எடத்துல, கண்ணாடியப் பாத்துத் தன்னையே வரையுறதா ஒரு தடவ சொல்லியிருந்தான். அந்தப் படத்த எடுத்துட்டு வந்துரலாம்னு தெமோதரையில ரயில் ஏறுனேன். நான் மூணாம் வகுப்போட நின்னு கொழுந்து பறிக்கப் போனவ. எங்க தேயிலத் தோட்டத்து லயத்து வீடுகள்ல இருந்து கம்பஸுக்குப் போன ஒரே ஆளு அவன்தான்.

அங்க போனதுல இருந்து அவனுக்கு எதுக்கெடுத்தாலும் மரியாததான். கதவு தெறந்திருந்தாலும் தட்டிட்டுத்தான் உள்ள போகணுமாம். வாத்தியார் வந்தா பிரஷ்ஷக் கீழ வச்சிட்டு எந்திரிக்கணுமாம். அடுத்தவங்க வரையுறத பின்னால நின்னு எட்டிப் பாக்கக் கூடாதாம். ஒருநாள் எங்க லயத்துக் காம்பரா வாசல்லயே நின்னுக்கிட்டு கையத் தூக்குனான்.

"என்னத்தடா தட்டுற? தொங்குறது சாக்கு," ன்னாங்க அம்மா.

"மரியாதைம்மா."

"தொரை பங்களா வாசல்ல நான் நின்ன மரியாத போதும். உள்ள வந்து கெழங்கத் தின்னுடா."

அப்ப ஒரு சிரிப்பு சிரிச்சான். அந்த மொகத்தத் தேடித்தான் போனேன்.

அவன் படிச்ச அறை தெறந்துதான் இருந்துச்சு. அவன் சொன்ன மாதிரியே தட்டினேன். உள்ள இருந்த புள்ளைங்க அத்தன பேரும் எந்திரிச்சு நின்னாங்க. எனக்குப் பின்னால யாரோ வர்றாங்கன்னு திரும்பிப் பாத்தேன். யாரும் இல்ல.

சொவரோரமா படங்க எல்லாம் முதுகக் காட்டிக்கிட்டு, சொவத்தப் பாத்து நின்னுச்சு. எனக்கு அழுக வந்துருச்சு. எங்க லயத்துல சாவு விழுந்தா சாமி படங்களத் திருப்பி வச்சிருவோம். கருமாதி முடிஞ்சாத்தான் நேரா வைப்போம். எங்க அண்ணனுக்காக இவங்களும் செஞ்சிருக்காங்களேன்னு கையெடுத்துக் கும்புட்டேன்.

அங்க தமிழ் பேசுனது ஒருத்தர்தான். பண்டாரவளையில துணிக்கடை வச்சிருக்கிற முஸ்லிம் வீட்டுப் பையன். அண்ணன் பக்கத்துல ஒக்காந்து வரைஞ்சவரு.

"ஏன் தங்கச்சி கும்பிடுறீங்க?"

நான் யாரு தங்கச்சி, எங்க லயத்து வழக்கம் என்னன்னு சொன்னேன். 

"அப்படி இல்ல தங்கச்சி. முடியாத படத்தத் திருப்பித்தான் வைக்கிறது. வரைஞ்சவர் சொல்லாம யாரும் பாக்கப்படாது. இங்க எப்பவுமே அப்படித்தான்."

எங்க அண்ணனுக்காக இல்லையாம். அத்தன பேருக்கு நடுவுல ஒத்தையில நிக்கிற மாதிரி ஆயிருச்சு.

அவன் படமும் அப்படியே தூசி படிஞ்சு நின்னுச்சு. "இனி நீங்கதான் சொல்லணும்," ன்னாரு. "திருப்புங்க," ன்னேன். மத்தவங்க எல்லாம் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க.

சட்ட இருந்துச்சு. பொதைக்கும்போது போட்டிருந்த அதே சட்ட. கழுத்து, காது, படியாத முடி எல்லாம் இருந்துச்சு. மொகம் இல்ல. கரியால இழுத்த நாலஞ்சு கோடுதான்.

"பக்கத்துலயே இருந்தீங்களே அண்ணே, மிச்சத்த நீங்க வரைஞ்சு குடுங்க."

"அடுத்தவங்க படத்துல கை வைக்கப்படாது தங்கச்சி."

"செத்தவன்கிட்ட யாரு போயிக் கேக்குறது? ஒங்க மரியாதைய வச்சு நான் என்ன செய்ய? எங்கம்மா மொகத்தக் கேப்பாங்க!"

கத்திட்டேன்.  அவரு வேற ஒரு வெள்ளத் தாள எடுத்து, ஞாபகத்துல இருந்து பென்சிலால வரைஞ்சு காட்டுனாரு. மூக்கு அவனேதான். ஆனா வாய இறுக்கி மூடிக்கிட்டு, யாரோ வரப் போறாங்க, எந்திரிக்கணும்னு காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருந்தான்.

"எப்பவும் இப்படித்தான் இருப்பாரு," ன்னாரு.

அங்க அவன் சிரிச்சதே இல்ல போல.  தாள வேணாம்னுட்டு, அவன் படத்த மட்டும் வாங்கிக்கிட்டு வந்தேன்.

கருமாதியன்னைக்கு எலைக்கு முன்னால அதத்தான் வச்சோம். சனங்க மொணமொணத்தாங்க. மொகம் எங்கடின்னு அம்மா கேக்கப் போறாங்கன்னு பயந்துக்கிட்டே நின்னேன். கேக்கல. திருநூற எடுத்து, அந்தக் கரிக்கோட்டுக்கு மேல, நெத்தி இருக்க வேண்டிய எடத்துல பூசுனாங்க. பொறகு கன்னத்தத் தடவுனாங்க. அவங்களுக்கு மொகம் தெரியுது.

எனக்குத் தெரியல. சாமி படங்கள எல்லாம் நேரா வச்சாச்சு. அண்ணன் படத்த மட்டும் காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக்குப் போறதுக்கு முன்னால நான் சொவத்துப் பக்கம் திருப்பி வச்சிட்டுப் போறேன்.

"ஏன்டி திருப்புற?"ன்னு அம்மா கேக்குறாங்க.

அது இன்னும் முடியலம்மா. அவன் பாக்கச் சொல்லல.