மோடம் போட்ட நாட்கள்

அம்மா இறந்த வருடம் எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. காரியம் முடிந்த மறுவாரமே ஆபீசுக்குப் போய்விட்டேன். "பரவாயில்ல, தைரியமா இருக்கீங்க" என்றார்கள். தைரியமாவது மண்ணாவது. பசித்தால் சாப்பிட்டேன், தூக்கம் வராவிட்டால் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கோபம் மட்டும் எப்போதும்போல வந்தது. அதுவாவது வருகிறதே என்று இருந்தேன்.

சூரிய மின்சாரத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஓரிடத்தில் எவ்வளவு வெயில் விழும், அதற்கு எத்தனை பேனல், எத்தனை பேட்டரி என்று சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் கருவி வைத்து வருடக்கணக்கில் அளந்துகொண்டிருக்க முடியாது. செயற்கைக்கோள் மேலிருந்து மேகத்தைப் படம் எடுக்கிறது. அதை வைத்துக் கீழே எவ்வளவு வெயில் இறங்கியிருக்கும் என்று நாள்வாரியாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். பல வருடத்துக் கணக்கு உட்கார்ந்த இடத்திலேயே கிடைக்கும். கிடைக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் தொலைந்தோம்.

அப்போதுதான் கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்கு வேலை வந்தது. அந்த வீட்டுக்காரருக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மிஷின் இரவும் பகலும் ஓட வேண்டும். காற்று மழையில் மரம் சாய்ந்து கரண்ட் போனால் திரும்பி வர ஒரு நாளும் ஆகும், மூன்று நாளும் ஆகும். கீழே ராசிபுரத்தில் வாடகைக்கு அறை எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இந்தப் புழுக்கத்தில் சாவதற்கு என் வீட்டிலேயே செத்துப்போகிறேன் என்று அவர் மேலே வந்துவிட்டார். ஒரு தொண்டு அமைப்பு செலவை ஏற்றுக்கொண்டது.

"சேலத்துக்குப் போட்ட கணக்கையே போட்டுக் குடுத்துடும்மா, பக்கம்தானே" என்றார் எங்கள் மேனேஜர்.

"மிஷின் நின்னா அந்த ஆள் செத்துருவாரு சார். நீங்க கையெழுத்துப் போடறீங்களா?" என்று கேட்டேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

செயற்கைக்கோள் கணக்கில் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார்கள். நான் எடுத்ததில் ஒரு கட்டமே பல கிலோமீட்டர் அகலம். மலையின் அந்த ஓரமும் அடிவாரத்து வயலும் ஒரே கட்டத்துக்குள் விழுந்திருந்தன. கீழே வெயில் கொளுத்தும்போது மேலே மேகத்தில் பக்கத்து மரம் தெரியாது. இரண்டையும் கலந்து ஒரு சராசரி கொடுத்திருந்தது. வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து குளிக்கலாம், சராசரி வெயிலில் மிஷின் ஓட்ட முடியாது. நேரில் போய்த்தான் ஆக வேண்டும் என்று கிளம்பினேன்.

கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே பஸ்ஸில் மேலே போய்ச் சேர்ந்தேன். மூக்கில் குழாயோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் என் லேப்டாப்பில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்க வாங்கக் கேட்டார்: "மேல சுத்தறது... எங்கூட்டப் பாத்துச்சுங்களா?"

"பார்த்துச்சுங்க."

"கூரை மேல... மொளகு காயுது. அதையும் பாத்திருக்குமே" என்று மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்த அக்கா சிரிக்கவில்லை. மிஷினின் சிவப்பு விளக்கு எரியவில்லைதானே என்று குனிந்து பார்த்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"மழை எந்த மாசங்க்கா?"

"ஐப்பசியில புடிச்சா கார்த்திகை வரைக்கும் பேயும்."

"மார்கழியில?"

"மார்கழியில மழை இல்ல கண்ணு."

குறித்துக்கொண்டேன். எங்கே போனாலும் நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். அதையும் கேட்டேன். "துணி எந்த மாசம் காயாது?"

"அதா? மார்கழி பூராத்துக்கும் காயாது. தை பொறந்தும் மோடம் போட்டுக்கும். அடுப்புக்கு மேல கவுறு கட்டித்தான் காயப்போடறது."

மோடம் என்றால் வானம் மூடிக்கொண்டு கிடப்பது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இதை ஏன்க்கா மொதல்லயே சொல்லல?"

"நீ மழையத்தானே கேட்ட? மோடத்தக் கேக்கலியே."

திரும்பி வந்து மார்கழி மாதத்துக் காலைப் படங்களை வருடம் வருடமாக எடுத்துப் பார்த்தேன். அடிவாரம் பளிச்சென்று இருக்க, மலைமேல் மட்டும் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. சில நாள் மதியத்துக்கு மேல் விலகியது, சில நாள் விலகவே இல்லை. அப்படி விலகாமல் கிடந்ததிலேயே நீளமான நாட்களை எடுத்துக்கொண்டு, கரண்டும் அப்போதே போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். பேனலைக் கூட்டி, மதிய வெயிலுக்காக மேற்கே சாய்த்து, பேட்டரியையும் கூட்டினேன். அதற்கும் மேல் ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் வீட்டில் இருக்கட்டும் என்று எழுதினேன். மேனேஜர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எவ்வளவு வெயில், பேட்டரியில் எவ்வளவு மிச்சம், மிஷின் ஓடுகிறதா என்பதெல்லாம் என் போனில் கோடு கோடாக வந்துகொண்டிருக்கும்படி ஒரு பெட்டியும் வைத்தோம். "மிஷின் நின்னா அடுத்த நிமிஷம் எனக்குத் தெரியும்க்கா, நானே கூப்பிடுவேன்" என்று அந்த அக்காவிடம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

மார்கழி வந்தது. தினமும் சாயங்காலம் மேகப் படத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவேன். "நாளைக்கும் மோடந்தான்க்கா. டிவி, மிக்சி எதுவும் வேண்டாம்."

"சரி கண்ணு" என்பார். "சீரியல் போச்சு... நான் பொழச்சேன்" என்று பின்னாலிருந்து வீட்டுக்காரர் குரல் கேட்கும்.

ஒரு தடவை கரண்டும் இல்லை, மோடமும் விலகவில்லை. பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தது. பயமாக இருந்ததா என்றால், அதுவும் மரத்துத்தான் கிடந்தது. ஆனால் போனைக் கீழே வைக்க முடியவில்லை, சாப்பாட்டுக் கையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். சிலிண்டரை மாட்டச் சொல்லலாம் என்று அக்காவின் நம்பரை எடுத்தபோது வெயில் கோடு மெல்ல ஏறியது. அவரை இந்த மாதம் தாண்ட வைத்துவிடலாம் என்று நினைத்தேன். தாண்ட வைத்தோம்.

பங்குனியில் ஒரு காலை. மேகம் மருந்துக்கும் இல்லை. பேட்டரி நிறைந்திருந்தது. மிஷினின் கோடு மட்டும் சட்டென்று கீழே விழுந்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஒயரை யாராவது பிடுங்கிவிட்டார்கள், இல்லை பூசப்போகிறேன், பெருக்கப்போகிறேன் என்று எதையாவது இடித்துவிட்டார்கள். அக்காவைக் கூப்பிட்டு, போனை எடுத்ததுமே கத்தினேன்.

"யாருக்கா சுவிட்ச தொட்டது? பேட்டரி ஃபுல்லா இருக்கு, கரண்ட் இருக்கு, அப்புறம் மிஷின் ஏன் நிக்குது? அறிவு வேண்டாமா? சிலிண்டர மாட்டுங்க மொதல்ல!"

"நாந்தான் கண்ணு நிறுத்துனேன்" என்றார். "காத்தால டீ கொண்டாந்து எழுப்புனேன், எந்திரிக்கல. மிஷின் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு. கொஞ்ச நேரம் ஓடட்டும்னு உட்டுட்டேன்."

நான் திறந்து வைத்திருந்த மேகப் படத்தை மூடினேன்.

"யாருக்கும் போன் போட்டுச் சொல்ல வாய் வரல, சாமி. நிறுத்துனா உனக்குத் தெரியுமில்ல. நீயே கூப்புடுவேன்னு நிறுத்துனேன்."

நான் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. "கண்ணு, இருக்கறயா?" என்றார்.

"இருக்கேன்க்கா" என்றேன்.