தலைகீழாக நீட்டிய பெட்டி

திருச்செங்கோட்டில் எங்களுக்குப் போர்வெல் லாரித் தொழில். எட்டாவது படிக்கும் மகள் சீன மொழி கற்க ஆசைப்பட்டாள். சொல்லித்தர ஒருவர் வீட்டுக்கு வந்தார். சீனாவில் ஐந்து வருடம் இருந்தாராம். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

சீனாவிலிருந்து வந்த, துளைபோடும் டிரில் பிட் பெட்டியை எடுத்து நீட்டி, "இதுல என்னங்க எழுதியிருக்கு?" என்றேன்.

"உயர்தர இரும்புன்னு போட்டிருக்குங்க" என்று எழுத்துகளின்மேல் விரலை ஓட்டி வாசித்தார். நம்பிவிட்டேன்.

"நாளைக்கே வாங்க" என்று சொல்ல வாயெடுத்தபோது கணவர் உள்ளே வந்தார். லோடு இறக்கிப் பழகியவர், எந்தப் பெட்டியிலும் முதலில் அம்புக்குறியைத்தான் பார்ப்பார்.

"ஏனுங்க, பெட்டி தலைகீழா இருக்குதுங்களே" என்றார்.

அவசரத்தில் நான்தான் அப்படி நீட்டியிருந்தேன். சொல்லித்தர வந்தவர் வேர்த்துப்போய்க் கிளம்பிவிட்டார்.

இப்போது சொல்லித்தர யார் வந்தாலும் பெட்டியை வேண்டுமென்றே தலைகீழாக நீட்டுகிறேன். திருப்பிப் பார்ப்பவருக்குத்தான் டீ.