பெட்டி மேல் இருந்த பொத்தான்கள்

எங்கள் வீட்டில் எந்தப் பொருளையும் சட்டென்று பிரித்துவிட முடியாது. அப்பா, விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தார். பொம்மைகளுக்கு நடுவே வைக்கோல் திணித்து, அட்டைப்பெட்டியை ஒட்டி, கயிறு கட்டி லாரியில் ஏற்றும்வரை அவர் பொறுப்பு. பிரிக்காத பெட்டிக்குத்தான் மதிப்பு என்பது அவருடைய வேதம். டிவி ரிமோட் அதன் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தபடியேதான் எங்களுக்கு உழைத்தது. விசேஷங்களில் வந்த சுவர்க்கடிகாரங்களும் ஹாட்பாக்ஸ்களும் ஒட்டிய டேப்போடு பரண்மேல் காத்திருந்து, அடுத்த கல்யாணத்துக்கு அப்படியே கிளம்பிப் போகும். அதில் ஒரு கடிகாரம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு எங்களிடமே திரும்பி வந்ததும் உண்டு.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அக்காவுக்கென்று ஒரு கால்குலேட்டர் வாங்கி வந்தார். அக்கா அப்போது பிளஸ் டூ, கணக்கில் புலி. காலேஜுக்குப் போனால் கணக்குதான் எடுப்பேன் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அது கூட்டிக் கழிக்கும் சாதாரணக் கால்குலேட்டர் இல்லை. சமன்பாட்டைக் கொடுத்தால் அதன் வளைகோட்டைத் திரையில் வரைந்து காட்டுமாம். நல்ல பெரிய அட்டைப்பெட்டி. மூடியைத் திறந்தால் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம். அதற்குக் கீழே, பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடிய தட்டில் மிஷின்.

“பொஸ்தகத்தப் படி. காலேஜுக்குப் போவும்போது மிஷினப் பிரிச்சிக்கலாம். இப்பவே பிரிச்சா பழசாயிடும்” என்றார் அப்பா. மிஷின் தட்டோடு பீரோவுக்குள் போய்விட்டது. புத்தகமும் காலிப் பெட்டியும் அக்காவிடம் தங்கின.

அந்தப் பெட்டியின் மூடியில் மிஷினின் படம் இருந்தது, அச்சாக அதே அளவில். அக்கா அதை மடியில் வைத்துக்கொள்வாள். பக்கத்தில் புத்தகம், அதற்குப் பக்கத்தில் டிக்‌ஷனரி. முழுக்க இங்கிலீஷில் இருந்த அந்தப் புத்தகத்தை ஒவ்வொரு வரியாகப் பிடித்து, அதில் சொன்ன பொத்தான்களைப் படத்தின் மேல் விரலால் அமுக்குவாள். என்ன அமுக்கினாலும் படத்தின் திரையில் அச்சடித்த ஒரே அலைதான் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே நான் திரையானேன். அக்கா அமுக்கி முடித்ததும், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவள் சொல்லச் சொல்ல நான் கோடு போடவேண்டும். எக்ஸ் ஸ்கொயர் என்றால் கிண்ணம். முன்னால் மைனஸ் போட்டால் கவிழ்ந்த கிண்ணம். ஒருநாள் அழகாக இருக்கட்டுமே என்று கிண்ணத்துக்குக் கைப்பிடியும் போட்டு டீக்கப் ஆக்கிவிட்டேன். “திரை அதுவா எதையும் சேத்துக்காதுடா” என்று தொடையில் கிள்ளினாள். அப்புறம் அவளே சிரித்தாள். அக்கா அந்த அளவுக்குச் சந்தோஷமாக இருந்து அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

பரீட்சையில் நல்ல மார்க் எடுத்தாள். ஆனால் அந்தக் கோடையில் அப்பாவின் கம்பெனியில் ஆர்டர் குறைந்து வாரத்தில் பாதி நாள் வேலை இல்லாமல் போனது. பெண்ணாடத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குச் சர்க்கரை ஆலையில் வேலை, அவர் தம்பி என்ஜினியரிங் படிக்கிறான் என்றார்கள். தம்பிக்கு என்ன வைப்பது என்று யோசித்த அப்பா பீரோவைத் திறந்தார்.

“அது எனக்குன்னு மாமா குடுத்ததுப்பா” என்றாள் அக்கா.

“நீயும் அங்கதான போற? அது மட்டும் இங்க இருந்து என்னா பண்ணப் போவுது?” என்றார் அப்பா. அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை.

புத்தகம் இல்லாமல் கொடுத்தால் பிரித்தது என்று தெரிந்துவிடுமே. அதனால் மிஷினோடு புத்தகமும் பழைய பெட்டிக்குள் போனது. மூடியில் எண் பொத்தான்கள் இருந்த இடம் அக்காவின் விரல் பட்டுப் பட்டு வெளுத்திருந்தது. “எலி சொரண்டுனாப்ல இருக்குதே” என்று திருப்பித் திருப்பிப் பார்த்த அப்பா, கலர் பேப்பர் சுற்றினார். கைதேர்ந்த பேக்கிங். நிச்சயதார்த்தத் தட்டில், வெற்றிலைக்கும் பூவுக்கும் நடுவில் அது புத்தம் புதிதாக உட்கார்ந்திருந்தது. அந்தத் தம்பி அதை ஹாஸ்டலுக்கு எடுத்துப்போய்விட்டான். காலேஜ் பேச்சை அதன்பின் எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை, அக்கா உட்பட.

நான் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது மாமா மறுபடியும் ஒரு கால்குலேட்டர் கொண்டுவந்தார், எனக்கு. பெட்டியே இல்லை. கெட்டி பிளாஸ்டிக்கில் வார்த்த கூடு. உள்ளே மிஷின் அப்படியே தெரிந்தது. பொங்கலுக்கு அக்காவும் குழந்தையோடு வந்திருந்தாள். அப்பா பேக்கிங் கத்தியை எடுத்து, “பையன் படிக்கறதுக்குத்தான” என்று சொல்லிக்கொண்டே அவர் கையாலேயே அறுத்துப் பிரித்தார். அக்கா அந்தக் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு காலிக் கூட்டை எடுத்து உதறினாள். நாலாக மடித்த ஒரு தாள் விழுந்தது.

“பொஸ்தகம் எங்க மாமா?”

“இப்பல்லாம் பொஸ்தகம் போடறதில்லம்மா. இந்தத் தாள்ல இருக்கற கியூஆர் கட்டத்துக்கு நேரா போனக் காட்டுனா எல்லாம் வரும்.”

“மேல படம்கூட இல்லியே.”

“அதான் பொருளே தெரியுதே, படம் எதுக்கு?” என்று மாமா சிரித்தார்.

எனக்கு அதை எப்படி ஓட்டுவதென்று தெரியவில்லை. அக்காவைக் கேட்டேன். “மேல் வரிசையில மொதப் பொத்தான்” என்றாள் யோசிக்காமலே. அமுக்கினால் வேறு என்னவோ வந்தது. அடுத்துச் சொன்னதும் சரியாக வரவில்லை. புது மிஷினில் எல்லாமே இடம் மாறியிருந்தது. “நீயே பாருக்கா” என்று அவள் கையில் கொடுத்தேன்.

குழந்தையை இறக்கிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எட்டாம் எண் பொத்தானை அமுக்கினாள். சுட்டதுபோல விரலை எடுத்தாள்.

“உள்ள போவுதுடா” என்றாள்.

பொத்தான் என்றால் உள்ளே போகத்தானே செய்யும்? நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. அந்தப் பொத்தானையே மறுபடி மறுபடி அமுக்கிக்கொண்டிருந்தாள். திரை முழுக்க எட்டு எட்டாக நிரம்பியது. எனக்குப் பொறுமை போய்விட்டது. மிஷினை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.

“அம்மா, அக்கா கணக்கெல்லாம் மறந்துடுச்சும்மா” என்று சொன்னேன்.