வேகம் அளக்கும் அக்கா

சாலையோரம் உட்கார்ந்து வண்டிகளை எண்ணுகிறவர்களை யாரும் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. வெயிலில் வதங்கவும் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அக்கா பதினெட்டு வருஷமாக அப்படி உட்கார்ந்திருப்பவள். பத்து வருஷமாக நான் அவளுக்கு ஜோடி. அவள் ஸ்டாப்வாட்சை அமுக்கி நேரத்தைச் சொல்லுவாள், நான் எழுதுவேன்.

வேகத்தை அளக்கச் சாலையில் ஐம்பது மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு வெள்ளைக் கோடுகள் போடுவோம். வண்டி முதல் கோட்டைத் தொட்டதும் ஒரு அமுக்கல், அடுத்த கோட்டில் இன்னொன்று. மூன்று விநாடி என்றால் மணிக்கு அறுபது கிலோமீட்டர். ஓட்டுகிறவன் கண்ணில் நாம் படக்கூடாது என்பது விதி. பட்டுவிட்டால் எமகாதகனும் சாதுவாகிவிடுவான்.

அக்காவின் வீட்டுக்கு எதிரே தெருவைத் தாண்டினால் மாமாவின் தையல் கடை. பக்கவாதம் வந்தபின் மாமாவுக்கு வலது கால் இழுத்துக்கொண்டது. தெருவைக் கடக்க அவருக்குப் பதினாலு விநாடி. அக்கா ஜன்னலில் நின்று அளந்திருக்கிறாள். கையைப் பிடித்துக் கூட்டிப்போக விடமாட்டார். "நடக்கவே தெரியாதவன்கிட்ட எவன்டி சட்டை தைக்கக் குடுப்பான்?" என்பார். வீம்புக்கென்றே பிறந்த மனிதர்.

அந்தத் தெருவுக்கு வேகத்தடை கேட்டு அக்கா வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினாள். வேகத்தை அளக்க உத்தரவு வந்ததும், "எங்க தெரு சார், நானே பண்றேன்" என்று என்ஜினியரிடம் கேட்டு வாங்கினாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். எனக்கும் அன்றைக்குப் புத்தி மழுங்கிப்போயிருந்தது.

நிறுத்தியிருந்த ஒரு வேனுக்குப் பின்னால்தான் உட்கார்ந்தோம். ஐந்து நிமிஷம் ஆகவில்லை, பால்காரர் தலையை நீட்டி, "என்னக்கா, இன்னைக்கு நம்ம தெருவா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். செய்தி முனை வரைக்கும் போய்விட்டது. தினமும் பறக்கிறவன் எல்லாம் அன்று புதுப்பெண் மாதிரி அடக்கமாக வந்தான். கையெழுத்துப் போட்டவர்களே அக்காவுக்கு மரியாதை செய்வதாக நினைத்து ஊர்ந்து போனார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"அஞ்சு புள்ளி எட்டு." அக்கா அடுத்த வண்டிக்கு அமுக்கினாள். "ஆறு."

"அக்கா, மூணுன்னு எழுதிடறேன். எவனுக்குத் தெரியப்போகுது?"

"எழுதாத. இதுல பொய் எழுதினா இத்தனை வருஷம் எழுதினதும் பொய்யாயிடும்டா."

"மாமாவை நெனச்சுப் பாருக்கா."

"நெனச்சுக்கிட்டுதான் சொல்றேன். ஆறு எழுது."

எழுதினேன். அவள்மேல் எனக்கு அன்றைக்கும் கோபம், இன்றைக்கும் கோபம். என்மேல் அதைவிட.

வேகத்தடை தேவையில்லை என்று பதில் வந்தது. ஆளைப் பார்த்து வேகத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று அக்கா போய் மன்றாடினாள். "உங்க தெருவ நீங்களே ஏம்மா அளந்தீங்க?" என்றார் என்ஜினியர். மறுபடி அளக்க இரண்டு வருஷம் ஆகுமாம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அக்கா ஆரஞ்சு மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, எழுதுகிற அட்டையோடு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். இந்த முறை எல்லார் கண்ணிலும் படும்படி. மாமா கடக்கிறவரை வண்டிகள் பதுங்கிப் போயின. நாலு நாள் அப்படியே ஓடியது. ஐந்தாம் நாள் நானும் பக்கத்தில் நின்றேன். ஒரு வேன்காரன் சிரித்துக் கையாட்டினான்.

"அதான் அளந்து முடிச்சாச்சேக்கா!"

வேன் தூசியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. பழக்கத்தில் அக்காவின் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சை அமுக்கியிருந்தது. இரண்டு புள்ளி எட்டு.

எட்டரைக்கு மாமா கைத்தடியோடு தெருவில் இறங்கினார். அக்கா ஓடிப்போய் நடுத்தெருவில் அட்டையைத் தூக்கிப் பிடித்து நின்றாள். ஹாரன்கள் அலறின. "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியாம்மா?" என்று ஒருவன் கத்தினான். மாமா அவள் பக்கம் திரும்பாமல் கடந்து போய்க் கடையைத் திறந்தார்.

அக்கா நாற்காலியை மடக்கினாள். எங்களுக்கு ஒன்பதரைக்கு ஊரின் மறுகோடியில் வேலை, மாலை ஆறு வரை நகரமுடியாது. சாப்பாடு கட்டிக் கொடுத்தாலும் மாமா கடைக்குக் கொண்டுபோகமாட்டார். சாப்பிட ஒரு மணிக்கு அதே தெருவைக் கடந்து வீட்டுக்குத்தான் வருவார்.